லிஸ்பனில் மூன்று நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

குளச்சலைச் சேர்ந்த நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மே மாதப் பள்ளி விடுமுறையில் ஜெர்மனியில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் குடும்பத்தோடு போகிறார். ஊர் திரும்பும் வழியில் போர்த்துகலின் தலைநகரான லிஸ்பனில் மூன்று முழு நாள்கள் தங்க நினைக்கிறார். உடன் மனைவியும், பன்னிரண்டும் எட்டும் வயதுள்ள இரு பிள்ளைகளும், முழங்கால் வலியுள்ள எழுபது வயது அம்மாவும் வருகிறார்கள். லிஸ்பன், சிந்த்ரா அரண்மனைகள், பாத்திமா அன்னையின் திருத்தலம் ஆகிய மூன்றையும் இந்த நாள்களுக்குள் பார்த்துவிட முடியுமா, முடியாதென்றால் எதை விடலாம் என்பதே அவருடைய ஐயம். அந்த நகரத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்த நாகர்கோவில்காரன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சிந்த்ராவை விட்டுவிடுங்கள். இரண்டு நாள்களை லிஸ்பனுக்கும் ஒரு நாளைப் பாத்திமாவுக்கும் கொடுங்கள். சிந்த்ரா அழகான இடம்தான். ஆனால் அதன் புகழ்பெற்ற அரண்மனை செங்குத்தான மலையுச்சியில் இருக்கிறது, நேரம் குறித்த சீட்டோடு கூட்டத்தில் நிற்க வேண்டும், ஏற்ற இறக்கமும் படிகளும் அதிகம். உங்கள் அம்மாவுக்கு அது நாள் முழுவதும் வேதனையாகிவிடும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. கொல்லத்திலும் கொச்சியிலும் வந்து மிளகு ஏற்றிய கப்பல்கள் புறப்பட்ட துறை லிஸ்பன். கோட்டாறு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடும் சவேரியார் கப்பலேறியதும் அங்கிருந்துதான். நம் கடற்கரையின் கதையில் பாதி அந்த ஆற்றங்கரையில் கிடக்கும்போது, அதை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு வேறொரு மலைக்கு ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜெர்மனியில்தான் அதிக நாள் தங்குகிறீர்கள் என்பதால் ஷெங்கன் விசாவுக்கு ஜெர்மனி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். அதே விசா போர்த்துகலுக்கும் செல்லும். விண்ணப்பத்தோடு கொடுக்கும் பயணத் திட்டத்தில் லிஸ்பன் தங்கலையும் காட்டிவிடுங்கள். விமான நிலையம் நகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது, மெட்ரோவும் உண்டு. ஆனால் சாதாரண டாக்சியில் நால்வருக்குத்தான் இடம் என்பதால், ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறக்கூடிய பெரிய வண்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் இந்தப் பயணத்தின் பாதி வெற்றி இருக்கிறது. லிஸ்பன் மேடுகளின் மீது எழுந்த நகரம். வரைபடத்தில் ஐந்து நிமிட நடையாகத் தெரிவது நேரில் நூறு படிகளாக இருக்கலாம். இரண்டு மேடுகளுக்கு நடுவே, ஆற்றை ஒட்டிச் சமதளமாக இருக்கும் பகுதிக்குப் பாய்ஷா என்று பெயர். விடுதியை அங்கேயே, லிஃப்ட் உள்ள கட்டடமா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு எடுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. நடைபாதைகளில் சிறு சிறு சுண்ணாம்புக் கற்களைப் பதித்திருப்பார்கள். ஆண்டுக்கணக்காகக் கால்பட்டு வழுவழுப்பாகிவிட்ட அந்தக் கற்கள், சிறு தூறல் விழுந்தாலும் வழுக்கும். அம்மாவுக்குச் செருப்பு வேண்டாம். ரப்பர் அடிப்பாகமுள்ள, காலை இறுகப் பிடிக்கும் ஷூவை ஊரிலேயே வாங்கி, சில வாரங்கள் போட்டுப் பழகச் சொல்லுங்கள்.

முதல் நாளை முழுவதுமாகப் பெலெமுக்கு ஒதுக்குங்கள். நகரத்தின் மேற்குப் புறத்தில், டேகஸ் ஆறு கடலோடு சேரும் முகத்துவாரத்தை நோக்கி அமைந்த பகுதி அது. பாய்ஷாவிலிருந்து 15 என்ற எண்ணுள்ள டிராம் போகிறது. கைஸ் தொ சொத்ரே நிலையத்திலிருந்து ரயிலிலும் போகலாம், அம்மாவுக்கு ரயில்தான் வசதி. 1497 ஜூலை 8 அன்று வாஸ்கோ ட காமா புறப்பட்டது இந்தக் கரையிலிருந்துதான். மறு ஆண்டு மே மாதம் அவர் கோழிக்கோட்டை அடைந்தார். அந்தக் கடல்வழியில் பெருகிய வணிகத்தின் மீது, அதாவது ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழைநாடுகளிலிருந்தும் வந்த சரக்குகளின் மீது, மன்னர் முதலாம் மனுவேல் விதித்த ஐந்து விழுக்காட்டு வரியைக் கொண்டு எழுந்ததுதான் ஜெரோனிமோஸ் மடம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலை தொடங்கி, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நடந்தது.

மடத்தின் கோயிலுக்கும் உள்முற்றத்துக்கும் தனித்தனி வரிசை. உள்முற்றத்துக்குச் சீட்டு வேண்டும். உள்ளே அவசரப்படாமல் நின்று தூண்களையும் வளைவுகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கே கல்லில் கயிறு செதுக்கியிருக்கிறார்கள். குளச்சல் கரையில் வள்ளங்களை இழுத்துக் கட்டும் வடம் போல, புரி புரியாக முறுக்கி, இடையிடையே முடிச்சுப் போட்டு, முடிச்சின் நுனி பிரிந்திருப்பதுவரை கல்லில் கொண்டுவந்திருக்கிறார்கள். கடலோரத்தில் வளர்ந்த பிள்ளைகள் அதைப் பார்த்தவுடன் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். அரச சின்னமான வானக் கோளமும், கிறிஸ்து சபையின் சிலுவையும், இலை கொடிகளும் கயிறுகளுக்கிடையே வந்துகொண்டே இருக்கும்.

கோயிலுக்குள் மேற்கு வாசலை ஒட்டி, பாடகர் மாடத்துக்குக் கீழே, காமாவின் கல்லறையும் கவிஞர் கமோயின்ஸின் கல்லறையும் எதிரெதிராக இருக்கின்றன. காமாவின் உருவம் கைகூப்பிப் படுத்திருக்கிறது. பக்கவாட்டில் கப்பலும் கோளமும் சிலுவையும் செதுக்கப்பட்டிருக்கின்றன. கொச்சிக் கோட்டையில் இருக்கும் பிரான்சிஸ் கோயிலுக்கு நீங்கள் போயிருந்தால், அங்கே காமாவை முதலில் அடக்கம் செய்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அவர் கொச்சியில் இறந்தார். 1539-இல் உடல் எச்சங்கள் போர்த்துகலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் இந்த மடத்துக்கு வந்தன. கொச்சியில் வெறும் குழியைப் பார்த்த பிள்ளைக்கு, இங்கே கல்லறையைப் பார்க்கும்போது கதை முழுமையடையும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் மறுபக்கத்தையும் சொல்லிவிடுங்கள். 1502-இல், மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்திரிகர் கப்பல் ஒன்றை, நூற்றுக்கணக்கான ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்கும்போதே, மலபார்க் கரையருகில் எரித்தவரும் இதே காமாதான். அந்த அழகான கல்லறையின் முன்னால் நின்று அதைச் சொல்லாமல் வந்தால் பிள்ளைக்கு நாம் பாதி வரலாற்றையே கொடுத்தவர்களாவோம்.

பலரும் கவனிக்காமல் போவது பலிபீடத்தின் இருபுறமும் உள்ள அரசக் கல்லறைகளை. அவற்றைத் தாங்கி நிற்பவை பளிங்கு யானைகள். ஒரு புறம் முதலாம் மனுவேல். மறுபுறம் அவருடைய மகன் மூன்றாம் ஜான். உங்கள் அம்மாவை அங்கே அழைத்துச் சென்று, சவேரியாரை இந்தியாவுக்கு அனுப்பிய அரசர் இவர்தான் என்று காட்டுங்கள். சவேரியார் 1541 ஏப்ரல் 7 அன்று, தம்முடைய முப்பத்தைந்தாம் பிறந்தநாளில், லிஸ்பனில் கப்பலேறினார். பதின்மூன்று மாதங்கள் கழித்து 1542 மே 6 அன்று கோவாவில் இறங்கினார். முத்துக்குளித்துறைக்கு வந்து, பிறகு 1544-இன் இறுதியில் நம் திருவிதாங்கூர்க் கரையில் முக்குவர் ஊர்கள் தோறும் நடந்தார். ஒரு மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் போகிற ஒருவருக்கு, அந்தப் பயணம் தொடங்கிய இடத்தில் நிற்பது சாதாரண சுற்றுலாவாக இருக்க முடியாது.

மடத்துக்கு எதிரே, ஆற்றோரத்தில் 52 மீட்டர் உயரமுள்ள நினைவுச் சின்னம் நிற்கிறது. கப்பலின் முன்பக்க வடிவில் 1960-இல் கட்டப்பட்டது. அதில் வரிசையாக நிற்கும் 33 உருவங்களில் சவேரியாரும் ஒருவர். உச்சிக்கு லிஃப்ட் உண்டு. கீழே தரையில் பெரிய உலக வரைபடம் பளிங்கில் பதிக்கப்பட்டிருக்கிறது. போர்த்துகீசியர் எந்தக் கரையை எந்த ஆண்டில் அடைந்தார்கள் என்று அதில் குறித்திருப்பார்கள். இளைய பிள்ளையை அதன் மேல் ஓடவிட்டு, ஆப்பிரிக்க முனையைச் சுற்றிக் கேரளக் கரைவரை கால்களாலேயே வழி காணச் சொல்லுங்கள். உதயகிரிக் கோட்டையில் டி லன்னாய் கல்லறையைப் பார்த்த பிள்ளைகள் அவரும் இங்கிருந்து வந்தவரா என்று கேட்கக்கூடும். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றது அவர் இருந்த டச்சுப் படை என்பதையும், போர்த்துகீசியரின் காலம் அதற்கும் இருநூறு ஆண்டுகள் முந்தியது என்பதையும் அங்கேயே தெளிவுபடுத்திவிடலாம்.

பெலெம் கோபுரம் சிறிது தூரத்தில், ஆற்றின் விளிம்பில் இருக்கிறது. உள்ளே குறுகிய சுழல் படிக்கட்டு. அம்மாவுக்கு ஆகாது, வெளியிலிருந்து பார்த்தாலே போதும். அதன் சுவரில் தேய்ந்துபோன ஒரு காண்டாமிருகத் தலை செதுக்கப்பட்டிருக்கிறது. குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று 1515 மே மாதம் கப்பலில் லிஸ்பன் வந்திறங்கி, ஐரோப்பா முழுவதையும் வியக்க வைத்தது. அதை நினைவுபடுத்தும் சிற்பம் இது என்பார்கள். எந்தச் சுவர் என்று காவலரிடம் கேட்டால் காட்டுவார்.

மடத்தின் அருகிலேயே 1837 முதல் நடந்துவரும் ஒரு பேக்கரியில், முட்டைப் பாலேட்டை நிரப்பிச் சுட்ட சிறு பணியாரங்கள் சூடாகக் கிடைக்கும். கருவாப்பட்டைத் தூளை மேலே தூவிச் சாப்பிடுவார்கள். வாங்கிப் போவோரின் வரிசை நீளமாகத் தெரியும். ஆனால் உள்ளே அறை அறையாக உட்கார்ந்து சாப்பிடும் இடம் உண்டு என்பதால், அம்மாவுக்கு ஓய்வாகவும் இருக்கும்.

தமிழர் நினைவில் கொள்ள வேண்டிய இன்னொன்றும் இந்த நகரத்தில் நடந்தது. 1554-இல் லிஸ்பனில் ஒரு சிறு மறைக்கல்வி நூல் அச்சானது. அதில் தமிழ் இருந்தது, ஆனால் ரோமன் எழுத்தில் இருந்தது. வின்சென்ட் தெ நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ் என்று போர்த்துகீசியப் பெயர் சூட்டப்பட்ட மூன்று இந்தியர்கள் அதை உருவாக்கினார்கள். தமிழ்ச் சொற்கள் முதன்முதலாக அச்சேறியது இப்படித்தான். இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1578-இல், நமக்குப் பக்கத்திலிருக்கும் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளாலேயே நூல் அச்சிடப்பட்டது.

இரண்டாம் நாளைப் பாய்ஷாவிலிருந்தே தொடங்கலாம். ஆற்றை நோக்கித் திறந்திருக்கும் பெரிய சதுக்கத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மூன்று பக்கமும் மஞ்சள் நிற வளைவுக் கட்டடங்கள், நான்காவது பக்கம் தண்ணீர். இரண்டு கல் தூண்களுக்கிடையே படிகள் ஆற்றுக்குள் இறங்கிப் போகின்றன. அரண்மனையும், இந்திய வணிகத்தை நிர்வகித்த அலுவலகமும், மிளகுக் கிடங்குகளும் ஒரு காலத்தில் இருந்த இடம் அது. 1755 நவம்பர் 1 காலையில், அனைத்துப் புனிதர் திருநாள் வழிபாட்டுக்காக மக்கள் கோயில்களில் நிறைந்திருந்தபோது, பெரும் நிலநடுக்கம் வந்தது. இடிபாடுகளிலிருந்து தப்பியவர்கள் திறந்தவெளி என்று நம்பி இந்த ஆற்றங்கரைக்கு ஓடி வந்தார்கள். தண்ணீர் முதலில் உள்வாங்கியது. சற்று நேரத்தில் பேரலையாகத் திரும்பி வந்தது. கோயில்களில் ஏற்றியிருந்த மெழுகுவர்த்திகளிலிருந்து பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் மணக்குடியிலும் என்ன நடந்தது என்பதை உங்கள் அம்மாவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மணக்குடிப் பாலத்தையே அலை பெயர்த்துக்கொண்டு போனது. பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அந்தப் படிகளில் உட்கார்ந்து அம்மாவே பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லட்டும். எந்த வழிகாட்டியும் அவரளவுக்குச் சொல்ல முடியாது.

அழிந்த நகரத்தை மீண்டும் எழுப்பியவர் பின்னாளில் பொம்பல் பிரபு என்று அழைக்கப்பட்ட அமைச்சர். இன்று பாய்ஷாவில் நீங்கள் பார்க்கும் நேர்க்கோட்டுத் தெருக்கள் அவர் போட்ட திட்டம். சுவர்களுக்குள் குறுக்கு மரங்கள் கோத்த ஒரு மரக்கூண்டை வைத்து, நிலம் ஆடினாலும் கட்டடம் சேர்ந்து ஆடி நிற்கும்படி கட்டினார்கள். நிலநடுக்கத்தைத் தாங்கும் முறையில் ஒரு நகரப் பகுதியையே திட்டமிட்டுக் கட்டிய மிக முந்தைய முயற்சிகளில் ஒன்று அது.

அங்கிருந்து கிழக்கு மேட்டில் சற்று ஏறினால் பேராலயமும், அதன் முன்னாலேயே புனித அந்தோணியார் கோயிலும் இருக்கின்றன. பதுவை அந்தோணியார் என்று நாம் அழைப்பவர் பிறந்த ஊர் லிஸ்பன். அவர் பிறந்த வீடு இருந்ததாகக் கருதப்படும் இடத்தில் ஒரு நிலவறைச் சிற்றாலயம் உண்டு. சில படிகள் இறங்க வேண்டும். கைப்பிடித்து மெல்ல அழைத்துச் செல்லுங்கள். பழைய கோயில் 1755-இல் இடிந்தபோது, அதைத் திரும்பக் கட்ட நகரத்துச் சிறுவர்கள் தெருத்தெருவாகக் காசு கேட்டுச் சேர்த்தார்கள் என்பது அங்குள்ள மரபு. செவ்வாய்தோறும் அந்தோணியார் நவநாளுக்குப் போகும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், நகரத்தில் தங்கும் நாள்களில் செவ்வாய் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

மேட்டின் உச்சியில் இருக்கும் பழைய கோட்டைக்கு ஏறுவதற்கு 737 என்ற சிறு பேருந்து இருக்கிறது. தெருவிலிருந்து மேட்டுக்குக் கட்டணமில்லாத பொது லிஃப்டும் உண்டு. என் கருத்தில் அம்மா கோட்டைக்குள் போக வேண்டியதில்லை. சாந்தா லூசியா என்ற காட்சி மேடையில் நீலநிற ஓட்டுச் சித்திரங்களின் அருகே உட்கார்ந்தால் பழைய குடியிருப்புப் பகுதியான அல்ஃபாமாவின் கூரைகளும் ஆறும் தெரியும். நீங்கள் மூத்த பிள்ளையுடன் கோட்டையைப் பார்த்து வரலாம். 28-ஆம் எண் டிராம் படங்களில் அழகாக இருக்கும். உண்மையில் நிற்கவும் இடமில்லாத நெரிசல், பிக்பாக்கெட் தொல்லையும் அதிகம். பிள்ளைகள் ஆசைப்பட்டால் அதிகாலையில் முதல் நிறுத்தத்திலேயே ஏறி உட்கார்ந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டு நகலை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

மதியம் விடுதியில் தூங்கிவிட்டு மாலையில் மேற்கு மேட்டுக்குப் போகலாம். மே மாதத்தில் சூரியன் மறைய இரவு எட்டரை மணியாகும். பாய்ஷா-ஷியாது மெட்ரோ நிலையத்தின் நகரும் படிகள் உங்களைக் கீழ்த் தெருவிலிருந்து மேல் தெருவுக்குக் கொண்டுசேர்க்கும். அலங்கார இரும்பு லிஃப்டுக்கு வரிசையில் நிற்பதைவிட இது எளிது. மேலே கார்மோ மடத்தின் கோயில் 1755-இல் கூரை இழந்து, வளைவுகள் மட்டும் வானத்தில் நிற்பதுபோல் இன்றும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. சற்றுத் தள்ளியுள்ள சாவ் ரோக் கோயிலைத் தவறவிடாதீர்கள். வெளியே பார்க்க எளிய முகப்பு. உள்ளே, ரோமாபுரியில் செய்து, கப்பலில் கொண்டுவந்து பொருத்திய சிற்றாலயம் ஒன்று உண்டு. ஆனால் நம்மவர்கள் தேடிப்போக வேண்டியது பூசைப்பொருள் அறையை. அதன் சுவரில் சவேரியாரின் வாழ்க்கையை வரிசையாகச் சொல்லும் ஓவியங்கள் இருக்கின்றன. ஆந்த்ரே ரெய்னோசோ 1619-ஐ ஒட்டி வரைந்தவை. சவேரியார் புனிதராக அறிவிக்கப்பட்ட 1622-க்கும் முந்தையவை என்பது வியப்பு. இந்தியாவைப் பார்த்திராத ஓவியர் நம் கரையை எப்படிக் கற்பனை செய்தார் என்று பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள்.

சாப்பாட்டில் உங்களுக்குக் கஷ்டம் இருக்காது. சோறும் மீனும் அவர்களுடைய உணவும்தான். சாளையைக் கல்லுப்பு மட்டும் போட்டுத் தணலில் சுட்டுத் தருவார்கள். நண்டும் இறாலும் சேர்த்துக் குழைவாக வடிக்கும் சோறு அம்மாவுக்குப் பிடிக்கும். கேட்காமலேயே மேசையில் வைக்கப்படும் ரொட்டியும் ஒலிவக் காய்களும் இலவசமல்ல. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். காரம் கேட்டால் மிளகாய் எண்ணெய் தருவார்கள். நம் மரச்சீனியும் கொல்லாமரமும் மிளகாயும் பிரேசில் பக்கத்திலிருந்து போர்த்துகீசியர் கப்பல்கள் வழியாக நம்மிடம் வந்தவை என்பதை அந்த மேசையில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஊர்ச் சாப்பாடு தேவைப்பட்டால் மார்த்திம் மோனிஸ் பக்கம் இந்தியக் கடைகளும் உணவகங்களும் உண்டு.

மூன்றாம் நாள் பாத்திமா. லிஸ்பனிலிருந்து வடக்கே சுமார் 125 கிலோமீட்டர். பேருந்தில் ஒன்றரை மணி நேரம். 1917 மே 13 முதல் அக்டோபர் 13 வரை மூன்று ஆட்டிடைச் சிறுவர்களுக்கு அன்னை காட்சியளித்ததாக நம்பப்படும் இடம். லூசியாவுக்கு அப்போது பத்து வயது, ஜசிந்தாவுக்கு ஏழு. கிட்டத்தட்ட உங்கள் பிள்ளைகளின் வயதுதான். திருத்தலத்தின் திடல் மிகப் பெரியது. ஆனால் படிகள் குறைவு, சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். வழவழப்பான ஒரு பாதையில் நேர்ச்சைக்காக முழங்காலிட்டு நகர்வோரைக் காண்பீர்கள். அம்மாவுக்கு ஆசை வந்தாலும் அன்போடு தடுத்துவிடுங்கள். மே 12, 13 ஆகிய நாள்களில் பெருந்திரளான மக்கள் கூடுவார்கள். அந்தத் திருவிழாவுக்காகவே போவதாக இருந்தாலொழிய அந்த இரு நாள்களையும் தவிர்த்துத் தேதி குறியுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. ஜெரோனிமோஸ் மடம் திங்கள்கிழமையும் மே 1 அன்றும் மூடியிருக்கும். உங்கள் முதல் நாள் அப்படி அமைந்தால் பாத்திமாவை முன்னுக்குக் கொண்டுவந்து பெலெமைப் பின்னுக்குத் தள்ளிவிடுங்கள். பெலெம் கோபுரத்திலும் பிற இடங்களிலும் பராமரிப்பு வேலைகள் நடப்பதுண்டு. செங்குத்துத் தெருக்களில் கம்பி இழுக்க ஏறி இறங்கும் மேட்டு ரயில்களில் ஒன்று 2025 செப்டம்பரில் பெரும் விபத்துக்குள்ளானது என்பதால், அவற்றை நம்பித் திட்டம் போடவும் வேண்டாம். உள்முற்றச் சீட்டை அதிகாரபூர்வ இணையதளத்தில், திறக்கும் நேரத்துக்கே முன்பதிவு செய்யுங்கள். பத்தரை மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கத் தொடங்கிவிட்டால், பெரியவர்களை அந்த வெயில் வரிசையில் நிறுத்துவது கடினம்.